ஜீவனாம்சம் வாங்குபவர் இன்னொருவருடன் சேர்ந்து வாழத் தொடங்கினால்?

விவாகரத்து முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கிலிருந்து ஜீவனாம்சம் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் இரு தரப்புக்கும் தெரிந்த நண்பர் பேச்சுவாக்கில் சொல்வார்: "உனக்குத் தெரியாதா? அங்கே இப்போ ரெண்டு பேரா இருக்காங்களே." அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். வேறொருவரோடு குடித்தனம் நடத்துபவருக்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

அந்தப் பக்கம் போய்க் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். நான் கல்யாணமா பண்ணிக்கொண்டேன்? கூட ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதானே. என் செலவை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

இரண்டு பேர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு பதிலை வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் எதனால் வேறுபடுகின்றன என்று புரிந்துவிட்டால், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படிக்கும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சொல்லையே பார்ப்போம். ஜீவனம், அம்சம்: பிழைப்புக்கான பங்கு. ஆங்கிலத்தில் இதை அலிமனி என்கிறார்கள். அது 'அலிமோனியா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஊட்டிக் காப்பது என்று பொருள். இரு மொழியிலும் சொல்லுக்குள் இருப்பது வயிற்றுப்பாடுதான். மணவாழ்க்கை முடிந்தபின் ஒருவரால் உடனே சொந்தக் காலில் நிற்க முடியாது என்றால், இன்னொருவர் கொஞ்ச காலமோ நீண்ட காலமோ தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. கணவர் மனைவிக்குக் கொடுப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். மனைவி கணவருக்குக் கொடுக்கும் வழக்குகளும் உண்டு. எனவே இனி கொடுப்பவர், வாங்குபவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டால் சிக்கல் குறைவு. இங்கிலாந்தில் 1973-ஆம் ஆண்டின் மணவழக்குகள் சட்டம், 28-ஆம் பிரிவின்படி, மாதாமாதம் கட்டும் தொகை அன்றோடு நின்றுவிடும். கலிஃபோர்னியா குடும்பச் சட்டத்தின் 4337-ஆம் பிரிவும், எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, அதையே சொல்கிறது. இந்தியாவில் கொடுப்பவர் மனுப் போட்டு உத்தரவை ரத்து செய்யச் சொல்லலாம். காரணமும் எளிது: புதிய திருமணத்தோடு புதியவருக்குச் சட்டப்படி ஒரு கடமை வந்துவிடுகிறது. ஒருவரைத் தாங்க இரண்டு பேர் தேவையில்லை.

சேர்ந்து வாழ்வதில் அந்தத் தெளிவு கிடையாது. அதற்குப் பெரும்பாலும் பதிவேடு இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை, தொடங்கிய தேதிகூட அவர்களுக்கே சரியாகத் தெரியாது. முதலில் வார இறுதியில் ஒரு பை வந்திருக்கும்; அப்புறம் அலமாரியில் ஒரு தட்டு காலியாகியிருக்கும்; ஒரு நாள் பார்த்தால் அவருடைய கடிதங்கள் இந்த முகவரிக்கு வந்துகொண்டிருக்கும். இதில் எந்த நாளை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்? அதைவிடப் பெரிய சிக்கல், பல நாடுகளில் அப்படிச் சேர்ந்து வாழ்பவருக்குத் துணையைப் பராமரிக்கும் சட்டக் கடமையே இல்லை. இங்கிலாந்தில் பத்து வருடம் ஒன்றாக இருந்துவிட்டு நாளைக்கே கதவைச் சாத்திக்கொண்டு போய்விடலாம்; பராமரிப்புத் தொகை என்று அவரிடம் யாரும் கேட்க முடியாது. பழைய துணையின் பணமும் நின்றுவிட்டிருந்தால் வாங்குபவருக்கு இரண்டு பக்கமும் இல்லாமல் போகும்.

மூன்று கண்ணாடிகள்

இந்தச் சிக்கலைச் சட்டங்கள் மூன்று கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கின்றன. ஒன்று நடத்தை, இன்னொன்று உறவின் நிலை, மூன்றாவது தேவை.

நடத்தைதான் இவற்றில் பழையது. இங்கிலாந்தின் பழைய பிரிவினைப் பத்திரங்களில் ஒரு லத்தீன் வரியைச் சேர்ப்பார்கள்: 'டம் சோலா எட் காஸ்டா விக்ஸெரிட்'. அதாவது, அவள் தனியாகவும் கற்போடும் வாழும் வரை. அது வரைக்கும்தான் பணம். வாடகை யார் கட்டுகிறார்கள் என்ற பேச்சே அதில் இல்லை. இன்னொரு ஆண் வந்தானா என்பதுதான் கேள்வி. வந்தவன் கையில் காசு இல்லாதவனாக இருந்தாலும் பணம் நிற்கும்.

அந்தச் சொல் இன்னும் செத்துப்போகவில்லை. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், பிரிவு 25(3)-ஐப் பாருங்கள். வாங்குபவர் மறுமணம் செய்திருந்தாலோ, மனைவியாக இருந்து கற்புடன் இருக்கவில்லை என்றாலோ, கணவராக இருந்து வேறு பெண்ணுடன் உடலுறவு வைத்திருந்தாலோ, நீதிமன்றம் நிரந்தர ஜீவனாம்ச உத்தரவை மாற்றலாம், குறைக்கலாம், ரத்து செய்யலாம். 'செய்யலாம்' என்பதுதான் சட்டத்தின் சொல், 'செய்ய வேண்டும்' என்பதல்ல. நீதிபதியின் கையில் அந்த இடைவெளி இருக்கிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு வழியாக வாங்கும் மாதத் தொகை தனி. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. திருமணம் மீறிய உறவில் 'வாழும்' மனைவிக்குத் தொகை கிடையாது என்கிறது அது. ஒருமுறை நடந்த தவறு இதில் சேராது, தொடர்ந்து அந்த உறவில் வாழ வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. சரி, விவாகரத்தே ஆகிவிட்டால்? முடிந்துபோன திருமணத்தை எப்படி மீறுவது? கேட்பதற்கு நியாயமான கேள்வி. ஆனால் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விவாகரத்தான பெண் வேறொருவருடன் அப்படி வாழ்ந்தாலும் தொகை கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் திருமணம் மீறிய உறவைக் குற்றம் என்று சொன்ன பழைய தண்டனைப் பிரிவை ரத்து செய்தது; ஜீவனாம்சச் சட்டத்தில் உள்ள வரிகளோ அப்படியே இருக்கின்றன. எனக்கு இந்தக் கண்ணாடி பிடிப்பதில்லை. பிழைப்புக்கான பங்கு என்று பெயர் வைத்துவிட்டு, ஒழுக்கத்துக்குச் சான்றிதழ் கேட்பது பொருந்தவில்லை.

இரண்டாவது கண்ணாடி நடத்தையைப் பேசாது. உறவு திருமணம் மாதிரியே ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்கும். நெதர்லாந்தின் உரிமையியல் சட்டத் தொகுப்பு இதில் கறாரானது. முன்னாள் துணை 'மணமானவர்கள் போல' வேறொருவருடன் வாழ ஆரம்பித்தால் ஜீவனாம்சம் முடிந்தது. அந்த உறவு ஆறு மாதத்தில் உடைந்தாலும் பழைய தொகை திரும்பி வராது. விளைவு இவ்வளவு கடுமையாக இருப்பதால் நிரூபணத்தையும் அங்கே கடுமையாகவே கேட்கிறார்கள்: நிலையான அன்புறவு, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது, ஒரே வீடு, ஒரே குடித்தனக் கணக்கு எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் 2008 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தில் 'உறுதிப்பட்டுவிட்ட வாழ்க்கைக் கூட்டு' என்ற தொடர் வருகிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம் ஆன பிறகே உறவு உறுதிப்பட்டதாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். சேர்ந்து வீடு வாங்கியிருந்தாலோ குழந்தை பிறந்திருந்தாலோ அதற்கு முன்பே சொல்லிவிடலாம். புதியவருக்கு வசதி இருக்கிறதா என்பது அங்கே முக்கியமில்லை. வேறொரு வாழ்க்கைக்குள் போய்விட்டவர், பழைய திருமணம் தந்த ஆதரவை இனியும் எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான் வாதம். அப்போதும் தொகையை ரத்து செய்வதா, குறைப்பதா, காலக்கெடு வைப்பதா என்று நீதிமன்றம் பார்க்கும். கூடவே குழந்தை வளர்ந்துகொண்டிருந்தால் அதன் நலனையும் கணக்கில் எடுக்கும்.

வாடகையில் யார் பங்கு எவ்வளவு?

மூன்றாவது கண்ணாடி தேவை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் உண்மையான கணக்கு இதில்தான் இருக்கிறது.

வாங்குபவரின் மாதச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 40, கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 10, மீதி 50 அவருடைய சொந்தச் செலவு. அவருடைய சம்பளம் 55. துண்டு விழும் 45-ஐ ஜீவனாம்சம் நிரப்புகிறது.

இப்போது புதியவர் குடிவருகிறார். வாடகையிலும் பில்களிலும் பாதியை அவர் போடுகிறார். 50 பாதியாகி 25 ஆகிறது. வாங்குபவரின் செலவு 75-க்கு இறங்கிவிட்டது, சம்பளம் அதே 55, துண்டு 20. கொடுப்பவர் நீதிமன்றத்துக்குப் போய் 45-ஐ 20 ஆக்கக் கேட்கலாம். 'அடியோடு நிறுத்து' என்று கேட்டால் கணக்கு இடிக்கும்.

அதே வீட்டுக்கு வேலையில்லாத ஒருவர் வந்தால்? அவர் ஒரு பைசா போடுவதில்லை, வீட்டுச் செலவோ 120 ஆகிறது. வாங்குபவரின் தேவை குறையவில்லை. கூடிய 20-ஐக் கொடுப்பவர் தலையில் கட்டவும் முடியாது, அது வாங்குபவராக ஏற்றுக்கொண்ட சுமை. ஆக, 45 அப்படியே நிற்கும். கேட்பவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் தேவை என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டால் முடிவு இதுதான்.

கலிஃபோர்னியாவின் 4323-ஆம் பிரிவு இந்தக் கணக்கைச் சட்டமாக்கியிருக்கிறது. காதல் துணையோடு ஒரே வீட்டில் வாழ்ந்தால் தேவை குறைந்துவிட்டது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகத்தை உடைப்பது வாங்குபவரின் பொறுப்பு. 'அவர் எதுவும் தருவதில்லை, இதோ என் பில்கள்' என்று அவர்தான் காட்ட வேண்டும். ஊர் உலகத்துக்குக் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டார்களா என்பது தேவையில்லை.

இங்கிலாந்தில் சேர்ந்து வாழ்வதைத் திருமணத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980-களிலேயே மறுத்துவிட்டது. பணம் தானாக நிற்காது. தொகையைத் திருத்தக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் 2009-இல் அதே நீதிமன்றம் ஒரு கூர்மையான சொல்லைச் சேர்த்தது: புதியவர் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு போடுகிறார் என்பதோடு, எவ்வளவு போட்டிருக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். வசதியுள்ள ஒருவர் வேண்டுமென்றே கையை மடக்கிக்கொண்டு, 'நான் ஒன்றும் தருவதில்லை' என்று சொல்லும் உத்தி அதன்பின் எடுபடாது. தேவையே இல்லாமல் போய்விட்டாலும் அங்கே நீதிபதிக்கு ஒரு நடுவழி உண்டு. பெயரளவுக்கு, வருடத்துக்கு 1 பவுண்டு என்பது போல் ஒரு தொகையை வைத்துவிடுவார். புதிய உறவு கலைந்தால் வாங்குபவர் திரும்பி வந்து உயர்த்தக் கேட்கலாம் என்பதற்காக.

இந்தக் கண்ணாடியிலும் ஒரு கீறல் இருக்கிறது. தேவைதான் அளவு என்றால், வாங்குபவரின் தங்கை வந்து தங்கிப் பாதி வாடகை கொடுத்தாலும் தேவை அதே அளவு குறையத்தானே செய்கிறது? ரூம்மேட் வந்தாலும் அப்படித்தானே? இந்தச் சட்டங்களோ காதல் துணையைத் தனியாகப் பிரித்துத்தான் பேசுகின்றன. தேவையைப் பேசுகிறோம் என்று சொல்லும்போதும், பழைய லத்தீன் வரி எங்கேயோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

எதை 'சேர்ந்து வாழ்வது' என்கிறார்கள்?

அமெரிக்க மாநிலங்கள் சில இதற்கு நாள் கணக்கு வைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸின் 2011-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டப்படி, பொதுக் குடித்தனம் தொடர்ந்து 3 மாதம் இருந்தால் தொகையை நிறுத்திவைக்கலாம், குறைக்கலாம், முடிக்கலாம். வர்ஜீனியாவில் திருமணம் போன்ற உறவில் ஒரு வருடம் தேவை. தென் கரோலினாவில் தொடர்ந்து 90 நாள். இப்படி எண்ணைப் போட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 90 நாள் ஆகாமல் பார்த்துக்கொள்ள அவ்வப்போது பிரிந்து பிரிந்து சேர்ந்தாலும், அதைச் சேர்ந்து வாழ்வதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

நியூ ஜெர்சி வேறு வழியில் போனது. 2014-இல் திருத்திய சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. பார்க்க வேண்டிய அடையாளங்கள் இருக்கின்றன. கூட்டு வங்கிக் கணக்கு போல் பணம் பின்னிக் கிடக்கிறதா, வீட்டுச் செலவை இருவரும் சுமக்கிறார்களா, உறவினரும் நண்பர்களும் அவர்களை ஜோடியாகவே பார்க்கிறார்களா, வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்களா, எவ்வளவு காலமாக, எவ்வளவு அடிக்கடி. முழுநேரமும் ஒரே கூரையின்கீழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் 'சேர்ந்து வாழவில்லை' என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. வாடகைக்கு ஒரு தனி அறையை எடுத்துப் பூட்டிவைத்துவிட்டு, 'பாருங்கள், எனக்கு வேறு முகவரி இருக்கிறது' என்று காட்டுவது அங்கே போதாது.

இந்தியச் சட்டத்திலும் 'திருமணத்தன்மை கொண்ட உறவு' என்ற தொடர் இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்திலிருந்து வருகிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அப்படிப்பட்ட உறவில் வாழும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருவதற்காக அதைச் சேர்த்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அடையாளங்கள் சொன்னது: சமூகத்தின் முன் தம்பதி போல் வாழ்வது, இருவருக்கும் திருமண வயது, சட்டப்படி திருமணம் செய்துகொள்ளத் தடையில்லாமல் இருப்பது, கணிசமான காலம் விருப்பத்தோடு சேர்ந்து இருப்பது. எப்போதாவது வந்து தங்கிவிட்டுப் போவது அதில் சேராது.

சாட்சியங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. கரண்ட் பில்லில் இருக்கும் பெயர், கார் காப்பீட்டில் கொடுத்த முகவரி, பள்ளியில் அவசரத் தொடர்புக்கு எழுதிய எண், இருவரும் சேர்ந்து போட்ட விடுமுறைப் படங்கள். ராத்திரி வாசலில் நிற்கும் காரைப் படம் பிடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஆனால் கார் நின்றது என்பது காதலுக்கு வேண்டுமானால் சாட்சி. குடித்தனக் கணக்குக்குச் சாட்சி ஆகாது. ஒரு வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு கையெழுத்து, முப்பது புகைப்படத்தைவிடக் கனமானது.

அவசரப்பட்டால் வரும் வம்பு

கேள்விப்பட்ட மறுநாளே பணம் அனுப்புவதை நிறுத்துவதுதான் கொடுப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. உத்தரவு நீதிமன்றத்துடையது. ஒப்பந்தமோ சட்டமோ 'தானாக முடியும்' என்று தெளிவாகச் சொல்லாத இடத்தில், நிறுத்திய ஒவ்வொரு மாதமும் பாக்கியாக ஏறும். கலிஃபோர்னியாவில் மனுப் போட்ட தேதிக்கு முன்பு சேர்ந்த பாக்கியை நீதிமன்றம் நினைத்தாலும் குறைக்க முடியாது. எனவே விஷயம் தெரிந்தால் சீக்கிரம் மனு. தீர்ப்பு வரும் வரை பணம். வாங்குபவர் பக்கம் இருப்பவருக்கும் ஒன்று: யாருமே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு அந்த வாடகை ஒப்பந்தம் வெளியே வந்தால், மற்ற எல்லாப் பேச்சும் நம்பிக்கை இழந்துவிடும்.

குழந்தைக்கான பராமரிப்புத் தொகையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தாயோ தகப்பனோ யாரோடு வாழ்ந்தாலும், குழந்தைக்கு இன்னொரு பெற்றோர் கொடுக்க வேண்டியது அதனால் நின்றுபோகாது. அதேபோல் ஒரே தவணையாகக் கொடுத்து முடித்த செட்டில்மென்ட் தொகையையும், சொத்துப் பங்கையும் பின்னால் வந்த உறவைக் காட்டித் திருப்பிக் கேட்பது பொதுவாக நடக்காது.

கொடுப்பவர் புதிய துணையோடு வாழ்ந்தால்? கலிஃபோர்னியாவின் அதே 4323-ஆம் பிரிவு, அந்தப் புதியவரின் வருமானத்தை ஜீவனாம்சக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. அவர் சம்பாத்தியத்துக்கும் இந்தப் பழைய திருமணத்துக்கும் என்ன சம்பந்தம்?

உறவு உடைந்துவிட்டால்?

வாங்குபவரின் புதிய உறவு முறிந்தால் பழைய தொகை திரும்பி வருமா என்பது பலர் யோசிக்காத கேள்வி. நெதர்லாந்தில் வராது. மாசசூசெட்ஸில் வரலாம், ஆனால் முதல் உத்தரவில் இருந்த முடிவுத் தேதியைத் தாண்டிப் போகாது. ஜெர்மனியில் மறுமணம் செய்து அதுவும் விவாகரத்தில் முடிந்தவர், முதல் திருமணத்துக் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தால் முதல் துணையிடம் மறுபடி கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

பல நாடுகளில் இதையெல்லாம் விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதியே தீர்த்துக்கொள்ளலாம். எழுதியபின் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. நியூ ஜெர்சியில் ஒரு தம்பதி, வேறொருவருடன் சேர்ந்து வாழ்ந்தால் ஜீவனாம்சம் முடியும் என்று ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மனைவி ஒருவருடன் 28 மாதம் வாழ்ந்தார். முன்னாள் கணவர் வழக்குப் போட்டபின் அந்த உறவு முடிந்தது. விசாரணை நீதிமன்றம் அந்த மாதங்களுக்கு மட்டும் பணத்தை நிறுத்திவிட்டு, மீண்டும் கட்டச் சொன்னது. 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இருவரும் தெரிந்தே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 'முடியும்' என்று இருக்கிறது. 'நிறுத்திவைக்கப்படும்' என்று இல்லை. எனவே முடிந்தது.

ஆகவே ஒப்பந்தம் எழுத உட்காருபவர்கள் வக்கீலிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை மாதம் சேர்ந்து இருந்தால் இந்த வரி வேலை செய்யும்? அப்போது தொகை முடியுமா, குறையுமா, நிறுத்திவைக்கப்படுமா? அந்த உறவு முறிந்தால் திரும்புமா? அந்த நியூ ஜெர்சி ஒப்பந்தத்தில் மூன்றாவது கேள்விக்கு ஒரு வரி எழுதியிருந்தால், இரண்டு பேரும் உச்ச நீதிமன்றம் வரை அலைந்திருக்க வேண்டியதில்லை.